கோகோல் என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? ‘தி நேம்சேக்’ நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜும்பா லாஹிரியின் ‘தி நேம்சேக்’ 2003-இல் வந்த ஆங்கில நாவல். யாருக்காவது படிக்கக் கொடுத்தால் புத்தகம் திரும்பி வரும்போது கூடவே நாலு கேள்வியும் வருகிறது (திரும்பி வராத பிரதிகளும் உண்டு, அது வேறு கணக்கு). திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முடிவு உட்பட கதை முழுவதையும் சொல்லிவிடுவேன். ஆனாலும் இது திருப்பங்களை நம்பி நிற்கிற புத்தகம் இல்லை, தெரிந்துகொண்டு படித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

கதை என்ன, சுருக்கமாக?

கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போன ஒரு வங்காளிக் குடும்பம். அப்பா அசோக் கங்குலி, எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர், பிறகு பேராசிரியர். அம்மா அஷிமா, பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில் கழுத்தை நீட்டிவிட்டு, முன்பின் தெரியாத கணவனோடு தெரியாத ஊருக்கு விமானம் ஏறியவள். 1968 ஆகஸ்டில் மூத்த பிள்ளை பிறக்கிறான், அவனுக்கு கோகோல் என்று பெயர் விழுந்துவிடுகிறது. அப்புறம் தங்கை சோனியா. அந்தப் பெயரை அவன் வெறுக்கிறான், மாற்றிக்கொள்கிறான், பிறகு அதைத் தேடுகிறான். 2000-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கதை முடிகிறது. 32 வருடத்தில் ஒரு குடும்பத்துக்கு என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது.

ஒரு பிள்ளைக்கு எதற்கு இரண்டு பெயர்?

வங்காளிகளிடம் ‘டாக்நாம்’ (வீட்டுப் பெயர்) என்று ஒன்று, ‘பாலோநாம்’ (நல்ல பெயர்) என்று ஒன்று. முதலாவது வீட்டில் கூப்பிட, அர்த்தம் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டாவது பள்ளிக்கூடத்துக்கு, பத்திரத்துக்கு, கல்யாணப் பத்திரிகைக்கு. இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரிய சிரமம் இருக்காது. தெருவே அம்பி, குட்டி, பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆளின் நிஜப்பெயரை அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்தான் முதன்முதலாகப் பார்த்த அனுபவம் யாருக்குத்தான் இல்லை.

கதையில் நடக்கும் கோளாறு இதுதான். குழந்தைக்கு நல்ல பெயர் வைக்கும் உரிமை அஷிமாவின் பாட்டியுடையது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு பெயரை எழுதி, வேறு யாருக்கும் சொல்லாமல், கிழவியே தபாலில் போட்டுவிட்டாள். கடிதம் வந்து சேரவில்லை. அங்கே அவளுக்குப் பக்கவாதம் வந்து நினைவும் தப்பிவிட்டது. வங்காளத்தில் என்றால் வருடக்கணக்கில்கூடக் காத்திருக்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் ஊர் ஆஸ்பத்திரியில் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறாமல் பிள்ளையை வீட்டுக்கு விடமாட்டேன் என்கிறார்கள். தற்சமயத்துக்கு இருக்கட்டும் என்று அப்பா ‘கோகோல்’ என்று எழுதிக்கொடுக்கிறார்.

ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கும்போது ‘நிகில்’ என்று நல்ல பெயர் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுக்கிறார்கள். பையனுக்குத்தான் குழப்பம். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்கிறான். தலைமையாசிரியை அவனையே கேட்கிறார், அவன் கோகோல் என்கிறான், அதையே பதிவேட்டில் எழுதிவிடுகிறார். ஐந்து வயசுப் பிள்ளையிடம் போய் உன் பெயர் என்னவாக இருக்கட்டும் என்று கேட்கிற பண்பாடும், பாட்டியின் கடிதத்துக்காகக் காத்திருக்கிற பண்பாடும் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் முட்டிக்கொள்கின்றன. லாஹிரி இதை ஒரு விளக்கமும் சொல்லாமல் எழுதிவிட்டுப் போகிறார்.

சரி, அதற்கு ஏன் ஒரு ருஷ்ய எழுத்தாளரின் பெயர்?

1961 அக்டோபரில், அசோக்குக்கு 22 வயது. ஜம்ஷெட்பூரிலிருக்கும் தாத்தாவைப் பார்க்க ரயிலில் போகிறார், கையில் நிகோலாய் கோகோலின் சிறுகதைத் தொகுப்பு. நடுராத்திரி ரயில் தடம் புரள்கிறது. கீழ்ப் பெர்த்திலிருந்து, ஊர் ஊராகப் போய்ப் பார், தலையணையும் போர்வையும் எடுத்துக்கொண்டு கிளம்பு என்று அறிவுரை சொல்லிக்கொண்டு வந்த சகபயணி செத்துப்போகிறார். இடிபாட்டில் நசுங்கிக் கிடக்கும் அசோக்கால் குரல் கொடுக்கக்கூட முடியவில்லை. கையில் கசங்கியிருந்த ‘மேல்கோட்டு’ கதையின் தாள் நழுவி விழுகிறது, அந்த அசைவு லாந்தர் வெளிச்சத்தில் மீட்புக்காரர் ஒருவர் கண்ணில் பட்டுவிடுகிறது. அதனால்தான் உயிர் பிழைத்தார், அதற்கப்புறம்தான் நாட்டைவிட்டே போகவேண்டும் என்ற எண்ணமும் வந்தது.

மகனுக்கு இது தெரியாது. 14-ஆவது பிறந்தநாளுக்கு அப்பா அதே எழுத்தாளரின் கதைத்தொகுப்பு ஒன்றை வாங்கிவந்து தருகிறார், விபத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்றுதான் அறைக்குள் வருகிறார். பையன் பீட்டில்ஸ் பாட்டில் மூழ்கிக் கிடக்கிறான், புத்தகத்தை வாங்கி ஓரமாக வைக்கிறான். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கதவை இழுத்து மூடிக்கொண்டு போய்விடுகிறார். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவை. நம் வீட்டு அப்பாக்கள் ஏதோ சொல்ல வந்து, “ஒண்ணுமில்ல, சாப்டியா?” என்று கேட்டுவிட்டுப் போவார்களே, அதேதான்.

தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஒருவருடைய பெயரை வைத்துக்கொண்டிருக்கிற இன்னொருவர் என்று அர்த்தம். நம்மிடம் இதற்கு நேர்ச்சொல்லே இருக்கிறது, தேய்ந்துபோனதால் கண்ணுக்குத் தெரிவதில்லை: பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுதான் பேரன் ஆனது.

இங்கேதான் நமக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. முன்னோர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மரியாதை, இந்தியாவில் அது கேலிக்கு ஆளாகும் என்று இந்த நாவலில் ஓர் இடம் வருகிறது. வங்காளிகளுக்குப் பெயர் என்பது ஒருவருக்கே உரியது, பரம்பரைச் சொத்தாக வராது. அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா தாயே, எங்கள் பக்கம் வந்து பாருங்கள், ஒரே தாத்தா பெயரில் நாலு பேரன்கள் வரிசையாக நிற்பார்கள். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்பதற்காக, அதே பெயருள்ள தன் பிள்ளையை மருமகள் ராசா, தம்பி என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே வீட்டுப் பெயராக நிலைத்துவிட்ட குடும்பங்கள் எத்தனை.

ஆக, முன்னோர் பெயர் வைக்கக்கூடாத ஒரு குடும்பம், முன்பின் தெரியாத ஒரு ருஷ்யரை முன்னோராக்கிக்கொள்கிறது. பேரன் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் நாவல் இன்னும் கொஞ்சம் திறக்கும் என்பது என் எண்ணம்.

பெயரை மாற்றிக்கொண்டதும் சிக்கல் தீர்ந்துவிடுகிறதா?

எங்கே! 1986-இல், யேல் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் நீதிமன்றத்தில் நிகில் ஆகிவிடுகிறான். பத்து நிமிட வேலை. புதிய பெயரில் தைரியம் வருகிறது, தாடி வளர்க்கிறான், காதலிக்கிறான். ஆனால் வீட்டுக்குப் போனால் கோகோல். பெற்றோர் கல்லூரிக்கு வந்து நண்பர்கள் முன்னால் ‘நிகில்’ என்று கூப்பிட்டால் அதுவும் பிடிக்கவில்லை, யாரோ வேற்றாள் பேசுகிற மாதிரி இருக்கிறது.

பின்னால் ஒருநாள் ரயில் தாமதமாகி, இரவில் வந்து சேர்கிற மகனை நிலையத்திலிருந்து காரில் கூட்டிவந்து, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு அப்பா விபத்துக் கதையைச் சொல்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதுவா ஞாபகம் வரும் என்று மகன் கேட்கிறான். அதற்குப் பின் வந்தவை எல்லாம்தான் ஞாபகம் வரும் என்கிறார் அப்பா.

ஒரு சின்ன இடைச்செருகல். கோகோலுக்காவது கங்குலி என்று ஒரு குடும்பப் பெயர் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு இருப்பது ஓர் இனிஷியல். விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப அதை விரித்தால் அப்பா பெயர் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் அலுவலகத்தில் ‘மிஸ்டர் சுப்பிரமணியன்’ என்று அழைப்பு வரும்போதெல்லாம், அப்பா எங்கே இங்கே வந்தார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். இதை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதலாம்.

இது கோகோலின் கதையா, அம்மாவின் கதையா?

அட்டைக் குறிப்பு கோகோல் என்கிறது. நான் அஷிமா என்பேன்.

முதல் காட்சியைப் பாருங்கள். நிறைமாதக் கர்ப்பிணி, புழுக்கமான ஆகஸ்ட் மாலை, அடுக்களையில் நின்று ரைஸ் கிரிஸ்பீஸ் பொரியில் வேர்க்கடலை, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறாள். கல்கத்தா நடைபாதையில் காசுக்கு விற்கிற மசாலாப் பொரியின் நகல். கடுகெண்ணெய் இல்லை. வாயில் போட்டுப் பார்க்கிறாள், என்னவோ குறைகிறது. ஊரை விட்டு வந்தவளின் மொத்த நிலைமையும் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. அப்போது கணவனைக் கூப்பிடுகிறாள், பெயர் சொல்லாமல். வங்காளிப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. நம் பாட்டிமார் ‘என்னங்க’விலேயே ஒரு ஆயுளை ஓட்டிய மாதிரிதான். பெயரைப் பற்றிய நாவல் இது, அதன் முதல் பக்கத்திலேயே சொல்லப்படாத ஒரு பெயர் இருப்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு இடம். முதல்முறை ஊருக்குப் போகும் முன், சொந்தக்காரர்களுக்கென்று வாங்கிய சாமான் பைகளை எல்லாம் ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுகிறாள். அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறாள். கணவன் ரயில்வேக்கு போன் செய்கிறார், மறுநாள் எல்லாப் பைகளும் அப்படியே திரும்பி வந்துவிடுகின்றன, ஒரு டீஸ்பூன்கூடக் குறையவில்லை. இந்த ஊரும் தன்னைச் சேர்ந்ததுதானோ என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகத் தோன்றுகிறது. அதன்பின் சில நாளிலேயே ராத்திரி போன் வருகிறது, ஊரில் அவளுடைய அப்பா இறந்துவிட்டார். யாருக்கென்று அத்தனை ஆசையாக வாங்கினாளோ அவர்களைத் துக்க வீட்டில்தான் போய்ப் பார்க்கிறாள்.

அந்நிய ஊரில் வாழ்வது ஆயுள் முழுக்கக் கர்ப்பமாக இருப்பது போல என்று அவள் நினைக்கிற இடம் ஒன்று உண்டு. எந்நேரமும் ஒரு பாரம், ஒரு காத்திருப்பு, பார்க்கிறவர்கள் முகத்தில் மரியாதையும் இரக்கமும் கலந்த ஒரு பாவனை. இதையெல்லாம் தாண்டி, நாற்பதுகளின் இறுதியில் தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளவும், நூலகத்தில் வேலைக்குப் போகவும், சொந்தமாக நட்பு தேடிக்கொள்ளவும் அவள் பழகிவிடுகிறாள். கோகோல் கடைசிவரை யாரோ தன்னைக் கூப்பிடக் காத்திருக்கிறான்.

இவர்கள் எப்படி அமெரிக்காவுக்குப் போனார்கள்? அப்போது அத்தனை சுலபமா?

1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்ற பழைய பாகுபாட்டு ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, தொழில்திறன் உள்ளவர்களுக்கும் குடும்ப உறவுகளுக்கும் இடம் கொடுத்தது. இந்தியாவிலிருந்து டாக்டர், என்ஜினீயர், ஆராய்ச்சியாளர் என்று பெரிய அளவில் போய்த் தங்கியது அதற்குப் பிறகுதான். அசோக் அந்த அலைக்காரர். அதனால்தான் இவர்களிடம் பணக்கஷ்டம் அதிகம் தெரியாது, தனிமைதான் தெரியும். சனிக்கிழமைதோறும் வங்காளிக் குடும்பங்களைத் தேடிப்பிடித்து, கூடிச் சமைத்துச் சாப்பிட்டு, உறவில்லாதவர்களை மாமா மாமி ஆக்கிக்கொள்கிறார்கள்.

கோகோலுக்குச் சோறூட்டும் சடங்குக்கும் இந்த ‘மாமா’க்கள்தான் வருகிறார்கள். தட்டில் வீட்டுக் கொல்லையில் தோண்டிய மண், ஒரு பேனா, ஒரு டாலர் நோட்டு. எதைத் தொடுகிறானோ அதுதான் எதிர்காலம். பிள்ளை எதையும் தொடவில்லை. உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்துவிடுகிறான்.

அப்பா இறக்கிற பகுதி ரொம்ப கனமாக இருக்குமா?

இருக்கும். ஒன்பது மாதப் பணிக்கு ஒஹையோ போன அசோக், வயிறு சரியில்லை என்று தானே காரோட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். வீட்டில் அஷிமா கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறாள். போன் செய்து கேட்டால் எதிர்முனையில் ஒரு பெண், நோயாளி ‘எக்ஸ்பயர்டு’ என்கிறாள். நூலக அட்டைக்கும் பத்திரிகைச் சந்தாவுக்கும் சொல்கிற சொல்லாயிற்றே அது என்று அஷிமாவுக்குச் சில நொடிகள் பிடிபடவே இல்லை. நாம் ‘காலாவதி’ என்போம், மாத்திரைப் பட்டையின் பின்னால் இருக்கும். முப்பது வருடம் புழங்கிய மொழி அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்கு மறுபடியும் அந்நியமாகிவிடுகிறது. ஒப்பாரி எதுவும் இல்லாத காட்சி, ஆனாலும் அதைத் தாண்டி உடனே அடுத்த பக்கத்துக்குப் போக என்னால் முடியவில்லை.

காதல், கல்யாணமெல்லாம்?

நியூயார்க்கில் மாக்ஸின் என்ற பணக்கார வெள்ளைக்காரப் பெண். அவளைவிட அவள் வீட்டைத்தான் அவன் அதிகம் காதலிக்கிறான் என்று சொல்லலாம்: அந்த உணவு மேசை, ஒயின், பெற்றோர் மகளோடு சரிசமமாகப் பேசும் விதம். அப்பா இறந்தபின் துக்க நாட்களில் அவள் வந்து, இதிலிருந்தெல்லாம் கொஞ்சம் விலகி எங்காவது போய்வரலாம் என்கிறாள். எனக்கு விலக வேண்டாம் என்கிறான். அதோடு முடிந்தது.

பிறகு அம்மா சொல்லி மௌஷுமியைச் சந்திக்கிறான், சின்ன வயதில் அந்த சனிக்கிழமை விருந்துகளில் பார்த்த பெண். ஒரே மாதிரி வளர்ந்தவர்கள், பொருந்திப்போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவளோ வங்காளமும் வேண்டாம், அமெரிக்காவும் வேண்டாம் என்று பிரெஞ்சுக்குள் ஒளிந்துகொண்டவள். ஒரு விருந்தில் நண்பர்கள் முன்னால், இவன் பெயரை மாற்றிக்கொண்டவன் தெரியுமா என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறாள். பின்னால் அவள் வேறொருவனோடு உறவு வைத்துக்கொள்வதைவிட இதுதான் பெரிய துரோகம் என்று எனக்குப் பட்டது.

ஆசிரியரின் சொந்தக் கதையா?

பாதி. லாஹிரி 1967-இல் லண்டனில் பிறந்து அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் வளர்ந்தவர், பெற்றோர் வங்காளிகள். அவருடைய நல்ல பெயர் நீலாஞ்சனா சுதேஷ்ணா, ஜும்பா வீட்டுப் பெயர். பள்ளியில் ஆசிரியர் அதுதான் கூப்பிடச் சுலபம் என்று எடுத்துக்கொள்ள, அதுவே நிலைத்துவிட்டது. முதல் சிறுகதைத் தொகுப்புக்கே 2000-இல் புலிட்சர் பரிசு வாங்கியவர், அட்டையில் வீட்டுப் பெயர்தான். பிற்பாடு ரோமில் போய்த் தங்கி இத்தாலிய மொழியிலேயே எழுத ஆரம்பித்தார். இங்கிருந்து பார்த்தால் மௌஷுமிக்கும் அவருக்கும் ஏதோ ஒட்டுதல் இருப்பதாகத் தெரிகிறது, இது என் ஊகம்தான்.

கோகோலின் ‘மேல்கோட்டு’ படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். படித்தால் நல்லது, ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

படம் பார்த்தால் போதாதா?

மீரா நாயர் 2006-இல் எடுத்தார். இர்ஃபான் கான், தபு இருவருக்காகவே பார்க்கலாம். குடும்பத்தை நியூயார்க் பக்கம் நகர்த்தி, காலத்தையும் தள்ளிவைத்துவிட்டார். படம் பெற்றோரின் காதல் கதையாக மாறியிருக்கிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அஷிமா மனதுக்குள் பேசிக்கொள்வது படத்தில் வராது. புத்தகம் படித்துவிட்டுப் பாருங்கள்.

குறையே இல்லையா?

இருக்கிறது. சோனியா பாவம், தங்கை என்ற பெயருக்குத்தான் இருக்கிறாள். நியூயார்க் பகுதியில் என்ன சாப்பிட்டார்கள், என்ன நாற்காலி, என்ன பாத்திரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, எனக்கு அங்கே இரண்டு முறை தூக்கம் வந்தது. கதை மாந்தர் எல்லோரும் படித்தவர்கள், வசதியானவர்கள். படகேறி, எல்லை தாண்டி, அகதி மனுக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போன ஈழத்துக் குடும்பங்களின் புலப்பெயர்வை அறிந்தவர்களுக்கு, இவர்களுடைய துயரம் கொஞ்சம் மெத்தையில் உட்கார்ந்த துயரமாகத் தெரியலாம். அது நியாயமான குறைதான், ஆனால் மெத்தையில் உட்கார்ந்தவருக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால் கை நடுங்கத்தான் செய்யும்.

ஆங்கிலம் கஷ்டமா?

இல்லை. நிகழ்காலத்தில் நேராகச் சொல்லிக்கொண்டு போகிற நடை.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற அக்காவுக்குக் கொடுக்கலாமா?

கொடுங்கள். பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் அதற்கும் ஒரு பிரதி, தனியாக. இருவரும் வேறு வேறு நாவலைப் படிப்பார்கள். அம்மாவுக்கு ‘பிள்ளை போனே பண்ணமாட்டேன்கிறான்’ என்கிற கதை, பிள்ளைக்கு ‘எதற்கு வாரம் தவறாமல் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள்’ என்கிற கதை.

கடைசியில் என்ன ஆகிறது?

மௌஷுமியோடு விவாகரத்து ஆகிவிட்டது. சோனியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அஷிமா வீட்டை விற்றுவிட்டாள், இனி ஆறு மாதம் இந்தியா, ஆறு மாதம் அமெரிக்கா. அஷிமா என்றால் எல்லையில்லாதவள் என்று அர்த்தம், இப்போதுதான் பெயருக்குப் பொருத்தமாக வாழப்போகிறாள். அந்த வீட்டில் கடைசி விருந்து, அவள் கைமா உருண்டை பொரித்துக்கொண்டிருக்கிறாள், கீழே கூட்டம்.

எதையோ எடுக்க மாடிக்குப் போகிற மகன், பெட்டிக்குள் அந்தப் பிறந்தநாள் புத்தகத்தைப் பார்க்கிறான். பதினெட்டு வருடம் பிரிக்காமல் கிடந்தது. அப்பா உள்ளே எழுதிக் கொடுத்திருந்ததே இன்றைக்குத்தான் அவன் கண்ணில் படுகிறது. அம்மாவும் ஊருக்குப் போய்விட்டால் தன்னை கோகோல் என்று கூப்பிட இனி எத்தனை பேர் மிச்சம் என்று அப்போது அவனுக்கு உறைக்கிறது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து தேடி யாராவது வருவார்கள். அதுவரைக்கும் நேரம் இருக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்து, ‘மேல்கோட்டு’ கதையைப் பிரித்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிக்கிறான்.